ஈஸ்ட்டின் சர்க்கரைத் துடிப்பு: எழுப்புவது, அளப்பது, அலையாகப் பார்ப்பது

பட்டினி கிடந்த ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, காற்று படாமல் மூடி, புறஊதா ஒளியை அதன்மேல் செலுத்தினால், அதிலிருந்து கிளம்பும் மெல்லிய நீல ஒளி ஏறி இறங்கத் தொடங்கும். ஒரு ஏற்ற இறக்கத்துக்கு அரை நிமிடமோ சற்றுக் கூடுதலோ ஆகும். வெறும் கண்ணுக்கு இது தெரியாது. ஒளிர்வை அளக்கும் கருவியான ஃபுளோரிமீட்டரில் தெளிவான அலையாக விழும். 1957இல் டச்சு ஆய்வாளர்கள் டைசன்ஸும் அமெஸும் இதன் முதல் அடையாளத்தைப் பதிவு செய்தார்கள். 1964இல் பிரிட்டன் சான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் முழு அலைவாகவே காட்டினார்கள். இன்றைக்கு ஒரு நல்ல ஷேக்கர், சென்ட்ரிஃபியூஜ், ஃபுளோரிமீட்டர் இருக்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் முதல் முயற்சியிலேயே வந்துவிடாது. எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அளக்கும் சிறு கலமான குவெட்டில் நூறு கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கின்றன. கருவி காட்டுவது அத்தனையின் கூட்டுத்தொகையை. ஒவ்வொரு செல்லும் துடித்துக்கொண்டே இருந்தாலும், ஆளுக்கொரு தாளத்தில் துடித்தால் திரையில் தட்டையான கோடுதான் வரும். ஆகவே அலை வர இரண்டு நிபந்தனைகள்: செல் துடிக்க வேண்டும், செல்கள் சேர்ந்து துடிக்க வேண்டும். கோடு தட்டையானால் இந்த இரண்டில் எது போயிற்று என்று கேட்பதுதான் பிழை தேடுவதன் முதல் படி.

ஏன் துடிக்கிறது

கிளைக்காலிசிஸ் பாதையில் சர்க்கரையை உடைக்கும்போது என்ஏடி என்ற மூலக்கூறு என்ஏடிஎச் ஆகிறது. என்ஏடிஎச் 340 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி 460 அருகே நீலமாக உமிழும். என்ஏடி அப்படிச் செய்யாது. நாம் அளப்பது இந்த நீலத்தை. பாதையின் கடைசிப் படியில் அசிட்டால்டிஹைடு எத்தனாலாக மாறும்போது என்ஏடிஎச் மறுபடி என்ஏடி ஆகிவிடுகிறது.

துடிப்பின் மூலம் சற்று மேலே, பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் நொதியில் இருக்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட் மிகுந்தால் இந்த நொதி அடங்கும். டைபாஸ்பேட்டும் மோனோபாஸ்பேட்டும் மிகுந்தால் வேகமெடுக்கும். சுருக்கெழுத்தைத் தமிழில் எழுதினால் டிரைபாஸ்பேட்டும் டைபாஸ்பேட்டும் ஒரே மாதிரி 'ஏடிபி' ஆகிவிடுவதால் முழுப்பெயரையே வைத்துக்கொள்கிறோம். நொதி வேலை செய்யும்போது டிரைபாஸ்பேட்டைச் செலவழித்து டைபாஸ்பேட்டை உண்டாக்குகிறது. அதாவது ஓடத் தொடங்கினால் தன்னையே மேலும் விரட்டிக்கொள்கிறது. கையிருப்புச் சர்க்கரை பாஸ்பேட் தீர்ந்து, கீழ்ப்படிகள் டிரைபாஸ்பேட்டைத் திரும்ப நிரப்பும்போது அடங்குகிறது. மறுபடி மேலே சரக்கு சேர்கிறது, மறுபடி திறக்கிறது. முழுச் செல்லில் இந்த ஒரு நொதி மட்டுமே தாளத்தைத் தீர்மானிப்பதில்லை. செல்லுக்குள் குளுக்கோஸ் நுழையும் வேகமும் அலைவுக்காலத்தை வெகுவாக மாற்றும்.

வளர்ப்பும் அறுவடையும்

இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சாக்கரோமைசிஸ் செரிவிசியே எக்ஸ்2180 கிடைத்தால் அதையே எடுங்கள். இந்தத் துறையில் அதிகம் பழகிய இனம் அது. அமினோ அமிலம் எதையும் ஊடகத்தில் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் பேக்கரி ஈஸ்ட்டிலும் அலைவு வரும். ஆனால் உலர் ஈஸ்ட்டில் சேமிப்புச் சர்க்கரைகளான டிரெஹலோஸும் கிளைக்கோஜனும் நிறைய இருப்பதால் ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் ஒத்துப்போகாது. அதை நேரடியாகக் கரைத்து அளக்காமல் கீழே சொல்லும் ஊடகத்தில் ஒருமுறை வளர்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

ஒரு லிட்டர் ஊடகத்துக்கு அம்மோனியம் சல்பேட் சேர்ந்த ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் 6.7 கிராம், குளுக்கோஸ் 10 கிராம், பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 20.4 கிராம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 5.0க்குக் கொண்டுவாருங்கள். தாலேட் இங்கே வெறும் அலங்காரமில்லை. அது இல்லாவிட்டால் ஈஸ்ட் ஊடகத்தைப் புளிக்கவைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் வேறு பிஎச்சில் அறுவடை செய்வீர்கள். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பின் சேர்க்கவும்.

ஒரு லிட்டர் குடுவையில் 250 மி.லி. ஊடகம், 30 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 180 சுற்று. முந்தைய நாள் மாலையில் சிறு வளர்ப்பிலிருந்து விதைத்தால் மறுநாள் காலை அறுவடைக்குப் பக்கத்தில் வரும்படி விதைப்பு அளவைச் சரிசெய்துகொள்ளலாம்.

அறுவடை நேரம்தான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. ஊடகத்தில் குளுக்கோஸ் தீரும் தறுவாயில், செல்கள் எத்தனாலுக்குத் தாவும் முன்பு எடுத்தால் அலைவு அதிக நேரம் நிற்கும். ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் ஒன்றிரண்டு அலைகளோடு ஒடுங்கிவிடும். எத்தனாலில் பல மணி நேரம் வளர்ந்த பின் எடுத்தால் செல்லின் நொதி அமைப்பே மாறியிருக்கும், சுவாசத்துக்குச் சாய்ந்திருக்கும். கடிகாரத்தை நம்பாதீர்கள். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையை மருந்துக்கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் 600 நானோமீட்டரில் ஏறிக்கொண்டே வரும்போது கால் மணிக்கு ஒருமுறை ஒரு சொட்டு வளர்ப்பைப் பட்டையில் விடுங்கள். நிறம் நன்றாக வெளிறி, அடுத்த பட்டையில் நிறமே மாறாமல் நின்றால் உடனே குடுவையைப் பனிக்கட்டியில் வைக்கவும். பட்டைக்குத் தெரியாத கொஞ்சம் சர்க்கரை அப்போதும் மிச்சமிருக்கும். அதுதான் வேண்டும்.

4 டிகிரியில் 3000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றுங்கள். கழுவுவதற்கு 100 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர், பிஎச் 6.8. ஒரு லிட்டருக்கு நீரற்ற டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 8.7 கிராமும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 6.8 கிராமும் போட்டால் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கும். மீதியை மீட்டர் பார்த்துத் திருத்துங்கள். குளிர்ந்த பஃபரில் இரண்டு முறை கழுவவும்.

பட்டினி

கழுவிய ஈஸ்ட்டை அதே பஃபரில், எடையில் பத்தில் ஒரு பங்கு வரும்படி கரைத்து, 30 டிகிரியில் ஷேக்கரில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆட்டுங்கள். காற்று நன்றாகப் போக வேண்டும், ஆகவே குடுவையில் கால்பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். இந்த நேரத்தில் செல்கள் உள்ளிருப்பைத் தின்று தீர்த்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துசேரும். பிறகு குளுக்கோஸ் விழும்போது ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும்.

பட்டினி போடாத ஈஸ்ட்டில் குளுக்கோஸ் போட்டால் நீல ஒளி விறுவிறுவென்று ஏறி மேலேயே நின்றுவிடும், அல்லது ஒரு சின்னக் குழிவோடு சரி. இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். பட்டினி போட்டதையும் போடாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாணவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எத்தனை நேரம் பட்டினி என்பதை உங்கள் இனத்துக்கும் வளர்ப்புக்கும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். 1, 2, 3, 4 மணி நேரத்தில் ஒவ்வொரு மாதிரி எடுத்து அளந்து, எந்த மாதிரியில் அதிக எண்ணிக்கையில் அலை வருகிறது என்று பாருங்கள். அதன்பின் அந்த நேரத்தை மாற்றாதீர்கள்.

பட்டினி முடிந்ததும் மறுபடி சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, குழாயின் உட்சுவரை மெல்லிய காகிதத்தால் துடைத்து, எடை பாருங்கள். வெறுங்குழாயின் எடையை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். ஒரு கிராம் ஈர ஈஸ்ட்டுக்கு மொத்தம் 10 மி.லி. வரும்படி பஃபர் ஊற்றிக் கலக்கினால் பத்து சதவீதக் கலவை. பனிக்கட்டியில் வைத்து இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். துடைக்காமல் எடை பார்ப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. சுவரில் ஒட்டியிருக்கும் நீரும் எடையில் ஏறுவதால் கலவை நினைத்ததைவிட நீர்த்துவிடும். செல் அடர்த்தி இங்கே வெறும் சமிக்ஞை அளவு சம்பந்தப்பட்டதல்ல, செல்கள் சேர்ந்து துடிக்கும் ஒத்திசைவு சம்பந்தப்பட்டது. அதைக் கீழே பார்ப்போம்.

அளக்கும் ஏற்பாடு

கிளர்வு ஒளி 340 முதல் 365 நானோமீட்டருக்குள், உமிழ்வு 450 முதல் 460க்குள். ஃபுளோரிமீட்டர் இல்லாதவர்கள் 365 நானோமீட்டர் எல்இடி, 450ஐ நடுவாகக் கொண்ட 40 அகலமுள்ள ஃபில்டர், ஒரு ஃபோட்டோடயோடு ஆகியவற்றை வைத்துத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் புறஊதா தடுக்கும் கண்ணாடி கட்டாயம்.

பத்து சதவீத ஈஸ்ட் கலவை மோர் போல இருக்கும், ஒளி அதற்குள் ஊடுருவாது. குவெட்டின் நடுவைக் குறிவைத்து செங்கோணத்தில் அளக்கும் சாதாரண அமைப்பில் சமிக்ஞை மிகக் குறைவாகவே வரும். ஒளி விழும் முகத்திலிருந்தே உமிழ்வை எடுக்கும் முன்முக அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் குவெட்டை ஒளிக்கற்றையும் கண்டறியும் துளையும் சந்திக்கும் மூலைப் பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்தால்கூடப் போதும். பாலிஸ்டைரீன் குவெட் தானே ஒளிரும், அதைத் தவிர்க்கவும். குவார்ட்ஸ் நல்லது. 365இல் அளந்தால் கண்ணாடி போதும்.

காந்தக் கிளறி இடைவிடாமல் சுழல வேண்டும். நின்றால் செல் அடியில் படியும். கோடு சரிந்துகொண்டே போகும். வெப்பநிலை 25 டிகிரி, நீர் சுற்றும் உறையோடு. விநாடிக்கு ஒரு அளவீடாவது எடுங்கள். ஐந்து விநாடிக்கு ஒன்று எடுத்தால் 35 விநாடி அலையில் ஏழே புள்ளிகள்தான் கிடைக்கும், உச்சி எங்கே என்று சொல்ல முடியாது.

முதல் ஓட்டம், சயனைடு இல்லாமல்

தொடங்குபவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வோம். குவெட்டில் 3 மி.லி. கலவை. மேலே அரை மி.லி. திரவ பாராஃபின். இது காற்றை மறிக்கும், உள்ளே உருவாகும் கரியமில வாயுவை வெளியே விடும். இறுக மூடினால் அழுத்தம் ஏறும். 25 டிகிரிக்கு வர 5 நிமிடம் விடுங்கள். கோடு நிலைத்ததும், நீண்ட ஊசி வைத்த நுண் சிரிஞ்சால் பாராஃபினுக்குக் கீழே 1 மோலார் குளுக்கோஸ் 90 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள். முடிவுச் செறிவு ஏறக்குறைய 29 மில்லிமோலார்.

நடப்பது இது. உடனே என்ஏடிஎச் ஏறும். 25 டிகிரி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு கால் மில்லிமோல் மட்டுமே. இத்தனை அடர்த்தியான ஈஸ்ட் அதை ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்த கணத்தில் கோடு இன்னொரு படி ஏறும், அங்கிருந்து அலை தொடங்கும். இந்த முறையில் அலைவு தேய்ந்துகொண்டே போகும். சில அலைகள் தெளிவாக வந்தாலே தயாரிப்பு சரி என்று பொருள். ஒன்றுகூட வரவில்லை என்றால் அறுவடைக்கும் பட்டினிக்கும் திரும்பிப் போங்கள். இந்த நிலையில் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசிப் பகுதியில் கோட்டில் ஊசி ஊசியாகக் குத்தல்கள் தெரிந்தால் அது குமிழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 29 மில்லிமோலார் குளுக்கோஸ் முழுதும் புளித்தால் 58 மில்லிமோலார் கரியமில வாயு. 25 டிகிரியில் நீர் தாங்குவது சுமார் 34. பிஎச் 6.8இல் ஒரு பங்கு பைகார்பனேட்டாகப் போவதால் குமிழி கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். குளுக்கோஸை 20 மில்லிமோலாராகக் குறைத்தால் பெரும்பாலும் தொல்லை தீரும்.

சயனைடும் அதன் இரட்டை வேலையும்

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் நீண்ட, ஒடுங்காத அலைவுகள் பெரும்பாலும் பொட்டாசியம் சயனைடு சேர்த்து எடுக்கப்பட்டவை. வழக்கமான அளவு, குளுக்கோஸ் போட்டு நான்கு நிமிடம் கழித்து, முடிவுச் செறிவு 4 முதல் 5 மில்லிமோலார். ஃப்யூம் ஹுட், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர், சயனைடுக்கான மாற்று மருந்து ஏற்பாடு, கழிவை எடுத்துக்கொள்ளும் முறையான வழி ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம். பிஎச் 6.8 பஃபரில் விழும் சயனைடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஹைட்ரஜன் சயனைடாக மாறிவிடும். அது 26 டிகிரியிலேயே கொதிக்கும் நஞ்சு. தயாரிப்புக் கரைசல் எப்போதும் பிஎச் 11க்கு மேல் காரத்தில் இருக்க வேண்டும். தனியாக வேலை செய்யக் கூடாது. வாயைத் திறந்து வைத்த குவெட்டில் அளக்கக் கூடாது. அளந்து முடித்த கலவையைக் காரமாக்கி, அதற்கென்று வைத்த கழிவுக் கலத்தில் மட்டும் ஊற்றவும். அமிலக் கழிவு அதன் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது.

சயனைடு சுவாசத்தை நிறுத்துகிறது என்பது பலருக்கும் தெரியும். இரண்டாவது வேலைதான் சுவாரசியமானது: அது அசிட்டால்டிஹைடோடு சேர்ந்து லாக்டோநைட்ரைலாக மாறி, கலவையில் அசிட்டால்டிஹைடைத் தாழ்வாக வைத்திருக்கிறது. செல்கள் ஒன்றோடொன்று பேசுவது அசிட்டால்டிஹைடு மூலம்தான். 1990களில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. அது சவ்வைத் தாராளமாகத் தாண்டும். பக்கத்து செல்லுக்குள் புகுந்தால் அங்கே என்ஏடிஎச்சை உடனே குறைக்கும். வெளியே அது ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. சத்தமான சந்தையில் கிசுகிசுப்பது போல. சயனைடு அந்தச் சத்தத்தைக் குறைக்கிறது.

இது புரிந்தால் அளவுத் தவறுகள் தாமாகவே விளங்கும். சயனைடு குறைந்தால் அசிட்டால்டிஹைடு மிகுந்து அலை சீக்கிரம் தேயும். மிகுந்தால் என்ஏடிஎச்சைத் திரும்ப மாற்ற அசிட்டால்டிஹைடே இல்லாமல் கோடு உச்சியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையிலான இடம் குறுகியது. செல் அடர்த்தி மாறினால் அந்த இடமும் நகரும், ஏனென்றால் அசிட்டால்டிஹைடு உற்பத்தி செல் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே அடர்த்தியை மாற்றும்போது சயனைடு அளவையும் மறுபடி தேட வேண்டும். அலைவு கடைசிவரை ஒடுங்காமல் வேண்டுமென்றால் 1999இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் டானோ, சோரன்சன், ஹின் செய்ததுபோல் குளுக்கோஸும் சயனைடும் செல்களும் தொடர்ந்து வந்து வெளியேறும் கிளறு தொட்டி வேண்டும். மூடிய குவெட்டில் சர்க்கரை தீர்ந்தால் அலையும் தீரும்.

எதிரெதிர் கட்டத்தில் கலப்பது

ஒத்திசைவைக் கையால் தொட்டுப் பார்ப்பது போன்ற சோதனை இது. 1971இல் கோஷ், சான்ஸ், பை ஆகியோர் செய்தது. ஒரே தயாரிப்பிலிருந்து இரண்டு குவெட்டுகள். முதலில் ஒன்றை ஓட்டி அலைவுக்காலத்தைத் துல்லியமாக அளந்துகொள்ளுங்கள். அது 36 விநாடி என்று வைப்போம். அடுத்த ஓட்டத்தில், முதல் குவெட்டில் குளுக்கோஸ் போட்டு சரியாக 18 விநாடி கழித்து இரண்டாவதில் போடுங்கள். சயனைடு சேர்ப்பதும் அதே 18 விநாடி இடைவெளியில். இரண்டிலும் நல்ல அலை வந்ததும் சம அளவு எடுத்து மூன்றாவது குவெட்டில் கலந்து உடனே அளக்கத் தொடங்குங்கள்.

முதலில் ஏறக்குறைய தட்டையான கோடு. பாதிச் செல்களின் மேடும் மீதிச் செல்களின் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சில நிமிடங்களில் சிற்றலை முளைத்து வளரும். தட்டையாக இருந்த நேரத்தில் செல்கள் நிற்கவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அலை திரும்பவே வராவிட்டால், முதலில் சர்க்கரை மிச்சம் இருந்ததா என்று பாருங்கள். தாமதமாகக் கலப்பதுதான் வழக்கமான காரணம்.

கலவையை நீர்க்கச் செய்துகொண்டே போனாலும் ஒரு கட்டத்தில் கூட்டு அலை மறையும். செல்கள் துடிப்பதையே நிறுத்திவிட்டனவா, தாளம் தவறினவா என்பதைக் குவெட் சொல்லாது. அதற்கு நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும். 2012இல் வெளியான ஒற்றைச்செல் ஆய்வுகள் தனித்த செல்களும் துடிக்கின்றன என்று காட்டின. நுண்ணோக்கியும் உணர்திறன் மிக்க கேமராவும் உள்ளவர்கள் கண்ணாடித் தட்டில் செல்லைப் பற்றிக்கொள்ளும் புரதமான கான்கனவாலின் ஏ தடவிச் செல்களை ஒட்டவைத்துப் பார்க்கலாம். புறஊதா ஒளியை மிகக் குறைவாக, இரண்டு விநாடிக்கு ஒரு சிறு மின்னலாக மட்டும் கொடுங்கள். தொடர்ந்து பாய்ச்சினால் என்ஏடிஎச் ஒளி வெளிறும், செல்லும் கெடும்.

தரவைக் கையாள்வது

கச்சாக் கோட்டில் மெதுவான சரிவு ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு அலைவுக்காலத்துக்குச் சமமான நீளத்தில் நகரும் சராசரி எடுத்துக் கழித்துவிடுங்கள். எக்செல்லிலேயே முடியும். சராசரி நீளம் அலைவுக்காலத்தைவிடக் குறைவாக இருந்தால் அலையையே தின்றுவிடும். பிறகு ஒவ்வொரு உச்சியின் நேரத்தையும் வீச்சையும் குறித்து, வீச்சின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடாக இறங்கினால் சீரான தேய்வு. நிலையாக நின்று திடீரென விழுந்தால் சர்க்கரை தீர்ந்தது.

அலைகளைப் படமாக எடுப்பது

இதுவரை பார்த்தது காலத்தில் மட்டும் நடக்கும் அலைவு; கிளறி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. கிளறாமல் மெல்லிய படலமாக விட்டால் இடத்திலும் அலை ஓடும். வட்டங்களாக, சுருள்களாக. 1996இல் ஜெர்மனியில் மைரும் முல்லரும் செல்லை உடைத்து எடுத்த சாற்றில் இதைப் படம் பிடித்தார்கள்.

சாறு எடுப்பது: மேலே சொன்னபடி வளர்த்துக் கழுவிய ஈஸ்ட், அதே எடை அரை மில்லிமீட்டர் கண்ணாடி மணிகள், அதே அளவு பஃபர். பஃபரில் 25 மில்லிமோலார் மாப்ஸ், 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, பிஎச் 6.5. வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவியில் ஒரு நிமிடம், பனிக்கட்டியில் ஒரு நிமிடம், எட்டு முதல் பத்து முறை. நுண்ணோக்கியில் பத்துக்கு எட்டு செல்லாவது வெறும் கூடாகத் தெரியும்வரை தொடருங்கள். 4 டிகிரியில் 20,000 ஜி விசைக்குக் குறையாமல் அரை மணி நேரம் சுழற்றி, மேலே மிதக்கும் கொழுப்பையும் கீழ்ப்படிவையும் விட்டு நடுவிலுள்ள தெளிந்த சாற்றை மட்டும் எடுக்கவும். மைட்டோகாண்ட்ரியா படிவோடு போய்விடுவதால் இங்கே சயனைடு தேவையில்லை. இந்த முறையின் பெரிய நன்மை அது. புரதம் மி.லி.க்கு 20 மி.கி.க்குக் குறைந்தால் அலைவை எதிர்பார்க்காதீர்கள். இங்கே செல் எண்ணிக்கை அல்ல, நொதி அடர்த்திதான் விஷயம். ஆகவே உடைக்கும்போது பஃபரைத் தாராளமாக ஊற்றிவிடும் பழக்கத்தை விடுங்கள். அரை மி.லி. பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80இல் வைக்கலாம். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

தொடக்கக் கலவையாக இதை வைத்துக்கொண்டு சரிசெய்துகொள்ளுங்கள்: பொட்டாசியம் பாஸ்பேட் 50 மில்லிமோலார், மக்னீசியம் குளோரைடு 5, என்ஏடி 1, அடினோசின் டிரைபாஸ்பேட் 1, டிரெஹலோஸ் 100. டிரெஹலோஸ் எதற்கு என்றால், சாற்றிலுள்ள டிரெஹலேஸ் நொதி அதை மெதுவாக உடைத்துக் குளுக்கோஸைச் சீராக விட்டுக்கொண்டே இருக்கும். 1966இல் பையும் சான்ஸும் ஒடுங்காத அலைவு பெற்றது இந்த உத்தியால். டார்ட்மண்டில் ஹெஸ்ஸும் பாய்ட்டோவும் குளுக்கோஸைப் பம்பால் செலுத்திப் பார்த்தபோது, மணிக்கு சுமார் 20 முதல் 160 மில்லிமோலார் வரையிலான வேகத்தில்தான் அலைவு வந்தது. அதற்குக் கீழும் மேலும் நிலையான கோடு. அலைவுக்காலம் இங்கே விநாடிக் கணக்கல்ல, சில நிமிடங்கள். முதலில் குவெட்டில் அலைவு வருகிறதா என்று உறுதிசெய்யாமல் தட்டில் ஊற்றாதீர்கள்.

5 சென்டிமீட்டர் தட்டில் 2 மி.லி. ஊற்றினால் படலம் ஒரு மில்லிமீட்டர் உயரம். அதற்கு மேல் போனால் வெப்ப ஓட்டம் கலவையை நகர்த்தி, வலைக்கண் போன்ற பொய்க் கோலத்தைக் காட்டும். மேலே கண்ணாடி மூடியை வைத்து ஆவியாவதைத் தடுக்கவும். சந்தேகமிருந்தால் கூழாக உறையும் குறைவெப்ப அகரோஸ் 0.5 சதவீதம் கலந்து பாருங்கள். அப்போதும் கோலம் நகர்ந்தால் அது நீரோட்டமல்ல. கேமரா பத்து விநாடிக்கு ஒரு படம். எல்லாப் படங்களின் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால்தான் அலை கண்ணுக்குத் தெரியும். கழிக்காத படத்தில் விளக்கின் சீரின்மைதான் தெரியும்.

உண்மையான அலை விநாடிக்குச் சில மைக்ரோமீட்டர் ஊரும். விநாடிக்கு 5 மைக்ரோமீட்டர், அலைவுக்காலம் 5 நிமிடம் என்றால் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர். உங்கள் படத்தில் அலை தட்டு முழுவதையும் அரை நிமிடத்தில் கடந்தால் அது ஊரும் அலையே அல்ல, வெறும் கட்ட வித்தியாசம். அதன் பிறப்பிடம் பெரும்பாலும் வெப்பநிலை. பத்து டிகிரிக்கு வேகம் இருமடங்கு என்று வைத்தால், தட்டின் ஓரம் நடுவைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் 7 சதவீதம் முந்தும். ஏழு சுற்றில் ஓரமும் நடுவும் நேர் எதிர் கட்டத்துக்கு வந்துவிடும். அலை போலவே தோன்றும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மைக்ரோஸ்கோப் மூடிக்கண்ணாடியை உடைத்து ஒரு நீளத்துண்டை அலையின் பாதையில் செங்குத்தாக, அடிவரை தொடும்படி சிலிக்கான் கிரீஸ் தடவி நிறுத்துங்கள். மூலக்கூறுகள் பரவி உண்டாகும் அலை கண்ணாடியில் முட்டி நின்று, முனையைச் சுற்றி வளைந்து வரும். கட்ட வித்தியாசத்தால் தோன்றும் பொய் அலை கண்ணாடி இருப்பதே தெரியாததுபோல் அந்தப் பக்கமும் தொடர்ந்து ஓடும்.